ஆணியில் தொங்கிய கையிருப்பு

புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பேக்கிங் அறையில் இருந்தவர்கள்:

இறந்துபோன முதலாளியின் மனைவி. மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மாவின் தம்பி. கடைக்குச் சரக்கு கொள்முதல் செய்பவர். முதலாளி 'மச்சான், மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடையில் எல்லாருக்குமே அவர் மச்சான் ஆகிவிட்டார்.

விலைக்காரர். ஆன்லைன் கடையின் விலைகள் தானாக ஏறி இறங்குவதற்கான விதிகளைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறவர். வீட்டில் உட்கார்ந்தே வேலை. இந்த அறைக்குள் இன்றுதான் முதல் முறையாகக் கால் வைக்கிறார்.

டேப் அக்கா. பார்சல் கட்டுகிறவர். இன்ஸ்பெக்டர் கையில் இருந்த காகிதத்தில் இருந்தது இவர் பெயர்தான்.

இன்ஸ்பெக்டர்.

அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொய்ச் சாவுகளையும் பொய்த் தீ விபத்துகளையும் பிடித்தவர். இப்போது அந்தத் துப்பறியும் வேலையையே சொந்தமாகச் செய்கிறார்.

பூட்டு. அண்ணியின் கணவருடைய தம்பி. பூட்டு ரிப்பேர் செய்பவன். பெயர் அப்படித்தான் வந்தது. வாய் மட்டும் பூட்டாது.

இவர்கள் போக, சுவரில் ஓர் ஆணி. அதில் ஒன்றும் தொங்கவில்லை.

பூட்டு கதவருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை காலை இந்தக் கதவை உடைத்துத்தான் உள்ளே வந்திருந்தார்கள். அன்றிலிருந்து கதவின் பூட்டு ஒற்றைத் திருகில் ஊசலாடிக்கொண்டிருந்தது. சாவு வீடோ கல்யாண வீடோ, தொங்கும் பூட்டைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும்.

"மேடம், நாலு மணி வரைக்கும் டைம் கேட்டீங்க. குடுத்திருக்கேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "நாலு அஞ்சுக்கு இந்தம்மா என் வண்டியில இருப்பாங்க."

"இருக்கட்டும்," என்றார் அண்ணி. "நீங்க எழுதினதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் சலிப்போடு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளி வழக்கம்போல் தனியாக வந்து, கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, காஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பார்சல் கட்ட உட்கார்ந்தார். ஜன்னல் இல்லாத அறை. ஹீட்டரின் கழிவு வாயு வெளியே போகும் குழாய் வாயில், பார்சலுக்குச் சுற்றுகிற குமிழ் பிளாஸ்டிக் தாள் அடைத்திருந்தது. வாயு உள்ளேயே திரும்பிவிட்டது. வாடை கிடையாது, நிறம் கிடையாது. மனுஷனுக்குத் தலை சுற்றுகிறது என்று தெரிவதற்குள் கால் வேலை செய்யாது. அந்த ஆணியில் தொங்கவேண்டிய காஸ் அலாரம் தொங்கியிருந்தால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கும். அது வெள்ளிக்கிழமையே போய்விட்டது. எடுத்தது டேப் அக்கா.

"குழாய் பக்கம் குளிர் காத்து வருதுன்னு வாராவாரம் புலம்பினதும் இந்தம்மாதான். அடைச்சிருக்காங்க. அலாரத்தையும் எடுத்திருக்காங்க. கொலைன்னு நான் சொல்லல. ஆனா ஒரு உயிர் போயிருக்கு."

"குளிருதுன்னு சொன்னேன் சார். அடைக்கல," என்றார் டேப் அக்கா. அழவில்லை. அழுது முடித்த குரல். "அலாரத்தை எடுத்தேன். ஆர்டர் சீட்டு வந்துச்சு, எடுத்தேன்."

அவர் காட்டிய இடத்தில், சுவரில், முதலாளியின் கையெழுத்தில் பெரிதாக ஒட்டியிருந்தது: சீட்டு வந்தால் சரக்கு போகணும். அன்றைக்கே.

"முதலாளிகிட்ட கேக்கலையா?"

"கேட்டேன் மேடம். சுவத்துல இருக்கறதையான்னு கேட்டேன். ஃபோன்ல இருந்தார். போ போன்னு கைய ஆட்டினார். எதுக்கு ஆட்டினாரோ." அவர் தன் விரல் நகத்தில் ஒட்டியிருந்த டேப் துணுக்கைப் பிய்த்தார். "ஏழு வருஷம்னு சொல்றாங்க. சின்னவளுக்கு இப்ப மூணு வயசு. நான் திரும்பி வர்றப்ப இவ யாருன்னு கேப்பா."

பூட்டு திருகாணியை வாயிலிருந்து எடுத்தான்.

"நான் வெளியில போய்க் குழாயைப் பாத்துட்டு வந்தேன் சார். ஏழடி உயரம். தாளை நாலா மடிச்சு, உருட்டி, கடைசி வரைக்கும் தள்ளியிருக்கு. குளிருக்கு அடைக்கிறவங்க உள்பக்கம் ஓட்டையைத்தான் அடைப்பாங்க. வெளியில போய் ஏணி போட்டா அடைப்பாங்க? காத்து தூக்கிட்டு வந்து அடைச்சுதுன்னா, அது நல்லாப் படிச்ச காத்தா இருக்கணும்."

"தம்பி," என்றார் அண்ணி.

"வாயை மூடிட்டேன் அண்ணி."

அண்ணி விலைக்காரர் பக்கம் திரும்பினார். பார்சல் மேஜையின் மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, இடிக்காமல் இருக்க முழங்கைகளைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனுஷன். முப்பது வயசு இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இந்த அலாரத்துக்கு நீங்க எழுதின விதி என்னன்னு சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி."

"ஒரு விதி, கையிருப்பு ஒண்ணே ஒண்ணுன்னு ஆயிட்டா, விலையைத் தூக்கித் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல வை."

"அலாரத்துக்கா?" என்றான் பூட்டு. "பேட்டரி என்ன வைரமா?"

"யாரும் வாங்கக்கூடாதுன்னுதான். இந்த மாடலைச் செய்யறதை நிறுத்திட்டாங்க. புது மாடல் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் கையிருப்பு பூஜ்யம்னு காட்டினா, நம்ம கடையில இந்தச் சாமானோட பக்கம் தேடல்ல அடியில போயிடும். நாலு வருஷமா வாங்கினவங்க எழுதின பாராட்டெல்லாம் அதுலதான் இருக்கு. அதனால ஒண்ணு இருக்குன்னு காட்டணும், ஆனா விக்கவும் கூடாது. எல்லாக் கடையிலயும் இப்படித்தான் செய்வாங்க."

"அந்த ஒண்ணு எங்க இருந்துச்சு?"

விலைக்காரர் ஆணியைப் பார்த்தார். "சாம்பிள் ஒண்ணு இருக்கு, கணக்குல வெச்சுக்கோன்னு முதலாளி சொன்னார். அது சுவத்துல தொங்கிட்டு அவர் உயிரைக் காவல் காக்கறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்க வந்ததே இல்ல."

ஒரே பொருள். சுவரில் காவல், கணக்கில் சரக்கு. கஞ்சத்தனமா கெட்டிக்காரத்தனமா என்று சொல்லமுடியாத வேலை. இந்த மாதிரி வேலைதான் மனுஷனைச் சாகடிக்கும்.

"இன்னொரு விதி?"

"வேற ஏதாவது கடை இதே சாமானை வித்தா, அவங்களைவிட ஒண்ணு குறைச்சு வை. அடிவிலை வரைக்கும் இறங்கு. அடிவிலைக்குக் கீழே மட்டும் போகாதே."

"சரி. ஒரு விதி ஏத்துங்குது, இன்னொண்ணு இறக்குங்குது. ரெண்டும் மோதினா?"

"பட்டியல்ல மேல இருக்கறது ஜெயிக்கும்."

"எது மேல இருக்கு?"

விலைக்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார். "போட்டி விதி."

முதலாளியின் மனைவி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"மூவாயிரம் சாமான் மேடம்," என்று விலைக்காரர் அவசரமாகச் சொன்னார். "எல்லாத்துக்கும் போட்டி விதியைத்தான் மேல வெச்சேன். இதுக்கு மட்டும் மாத்தியிருக்கணும். முதலாளிகிட்டயே ஃபோன்ல சொன்னேன். யாருமே விக்காத சாமானுக்குப் போட்டி எங்கேருந்து வரும், அதை அப்புறம் பாரு, முதல்ல புது விதியை முடின்னார்."

"என்ன புது விதி?"

"கொள்முதல் விதி. சரக்கு குறைஞ்சா எந்திரமே மூணு இடத்துல விலை கேட்டு, எது குறைவோ அங்க ஆர்டர் போட்டுடும். இந்தத் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறதா இருந்துச்சு."

"முதலாளி ஃபோன் எப்படிப் பேசுவார்?"

"எப்பவும் ஸ்பீக்கர்தான்," என்றார் மனைவி. "காதுல வெச்சா சூடு ஏறுதும்பார்."

அண்ணி தலையசைத்தார். "போன வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சுன்னு திரையில இருக்கறதை அப்படியே படிங்க."

விலைக்காரர் படித்தார். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. காலை பதினொன்று இரண்டு: புதிய கடை ஒன்று இதே அலாரத்தை விற்பனைக்குப் போட்டது, விலை 1,841. பதினொன்று ஆறு: நம் விலை 99,999-லிருந்து 1,840-க்கு இறங்கியது. பதினொன்று பதினைந்து: ஓர் ஆர்டர். கையிருப்பு பூஜ்யம். அந்தப் புதிய கடையில் விற்க இருந்தது இந்த ஒரே சாமான். திங்கட்கிழமை அந்தப் புதிய கடையே மூடப்பட்டுவிட்டது.

அறையில் ஹீட்டர் இல்லாத குளிர் உறைத்தது. இன்ஸ்பெக்டர் தன் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"அதாவது..."

"அதாவது, யாரோ பொய்யா ஒரு கடை திறந்தாங்க," என்றார் அண்ணி. "இந்தக் கடைக் கம்ப்யூட்டரை விரலால தொடல. தொட்டா பதிவு இருக்கும். வெளியில நின்னுக்கிட்டு ஒரு விலையைக் காட்டினாங்க. எந்திரம் ஓடி வந்து குனிஞ்சுது. உடனே வாங்கினாங்க. சீட்டு வந்துச்சு. இந்தம்மா அந்தச் சுவத்துல எழுதினபடி செஞ்சாங்க. முதலாளி போட்ட சட்டமே முதலாளியோட அலாரத்தைக் கழட்டி, பார்சல் கட்டி, அனுப்பி வெச்சுடுச்சு. அதுக்கப்புறம் ஒரு ஏணியும் ஒரு பிளாஸ்டிக் தாளும்தான் பாக்கி."

"பார்சல் யாருக்குப் போச்சு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல பார்சல் எடுத்துக்கற கவுண்டர். பேர் பொய்யாத்தான் இருக்கும்."

"அந்தக் கடையைத் திறந்தது யாருன்னு கேட்டா, பதில் வர மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரத்துல இந்தம்மா உள்ளே கம்பி எண்ணப் பழகிடுவாங்க," என்றான் பூட்டு.

அப்போதுதான் மச்சான் எழுந்தார். அதுவரை தன் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால், முதுகைத் தடவிக் கொடுத்தபடி நின்றிருந்தவர். நல்ல உயரம்.

"சார், இன்னும் யோசிக்க என்ன இருக்கு? எது மேல, எது கீழேன்னு தெரிஞ்ச ஒரே ஆள் இவன். சும்மா ஒரு விலை போட்டா எந்திரம் வராது. அடிவிலைக்குக் கீழே போட்டிருந்தா அது பின்னால வரவே வராது. அடிவிலைக்குச் சரியா ஒண்ணு மேல போட்டிருக்கான் பாருங்க! நம்ம விலை வந்து அடிவிலையில உக்காருது. உள்ளே இருக்கறவன் செஞ்ச வேலை சார் இது. எங்க மாமாவை இவன்தான்..." குரல் உடைந்தது.

விலைக்காரர் வாயைத் திறந்தார். அண்ணி ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். வாய் மூடிக்கொண்டது.

பூட்டு அந்த விரலைப் பார்த்தான். இருபது வருஷமாகப் பார்க்கிற விரல்தான். சாப்பாட்டு நேரத்தில் உயர்ந்தால் போதும் என்று அர்த்தம். வேலை நேரத்தில் உயர்ந்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். யார் என்றுதான் புரியவில்லை.

மனைவி எழுந்து விலைக்காரர் முன்னால் போய் நின்றார். அடிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடிக்கவில்லை.

"என் பொண்ணு பரீட்சைக்குப் படிக்க உன்கிட்ட ஃபோன்ல கணக்கு கேட்டுப்பா," என்றார். "அண்ணா அண்ணான்னு சொல்லுவா."

"நான் இல்லம்மா," என்றார் விலைக்காரர். "நான் மறந்தேன். அவ்வளவுதான். மறந்தேன்." அதைச் சொல்லும்போதே 'அவ்வளவுதான்' என்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தைந்து. "அப்ப ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். அங்க வெச்சுப் பேசிக்கலாம்."

"அஞ்சு நிமிஷம் இருக்கு," என்றார் அண்ணி.

"எதுக்கு மேடம்?"

"நாலு மணிக்கு இங்க யார் வருவா, டேப் அக்கா?"

"டெலிவரிக்காரர். தினம் வருவார்."

"அவர் வரட்டும்."

பூட்டு தாழ்ப்பாள் துளையில் கொஞ்சம் கிரீஸ் தடவினான். அண்ணி எதற்குக் காத்திருக்கிறார் என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லமாட்டார். 'உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி நோட்டீஸ் ஒட்டிடும்' என்பார். மூன்று ஐம்பத்தெட்டு. மச்சான் தண்ணீர் குடித்தார். டேப் அக்கா தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்த சின்னவளின் படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூடினார்.

வெளியே பைக் நிற்கும் சத்தம். டெலிவரிக்காரர் எட்டிப் பார்த்து, போலீஸைக் கண்டு ஒரு அடி பின்வாங்கி, "ஒரே ஒரு ரிட்டர்ன் மட்டும்தான்," என்று பெட்டியை நீட்டிவிட்டு, கையெழுத்துக் கிடைத்தவுடன் பறந்துவிட்டார்.

பெட்டியை டேப் அக்காதான் வாங்கினார். பழக்கம். போலீஸ் நிற்கிறது, சிறை காத்திருக்கிறது, கை மட்டும் தன் வேலையைச் செய்தது. மேஜையில் வைத்தார், கத்தியை எடுத்தார், நிறுத்தினார்.

கத்தி அப்படியே காற்றில் நின்றது.

"மேடம்," என்றார். "இந்த டேப்பைப் பாருங்க."

பெட்டியின் குறுக்கே பழுப்பு டேப். அதன் நுனி, ஒரு விரற்கடை நீளம், உள்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. சின்னக் காது மாதிரி.

"வாங்கினவங்க திருப்பி அனுப்பினா இப்படிக் காது வெக்க மாட்டாங்க. இழுத்து ஒட்டிட்டு விட்டுடுவாங்க. பத்து வருஷத்துல ஆயிரம் ரிட்டர்ன் பிரிச்சிருக்கேன், ஒண்ணுல கூடக் காது பாத்ததில்ல. இது நம்ம கடைப் பழக்கம். பிரிக்கறவங்க நகம் நோகக்கூடாதுன்னு முதலாளிதான் சொல்லிக் குடுத்தார்."

"நீங்க வெள்ளிக்கிழமை ஒட்டினதாவே இருக்கலாமில்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் ஒட்டறது கடை பேர் அச்சடிச்ச டேப் சார். இது வெறும் டேப். பெட்டியும் வேற. இது புதுசாக் கட்டினது. கட்டினது இங்க கட்டிப் பழகின கை."

அண்ணி தலையை ஆட்டினார். "பிரிங்க."

உள்ளே, வெள்ளை நிறத்தில், உள்ளங்கை அளவில், காஸ் அலாரம். முதுகில் ஆணி உரசி உரசி விழுந்த கறுப்புக் கோடு. ஒரு காகிதத் துண்டு: தவறாக ஆர்டர் செய்துவிட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் இது வருதுன்னு?" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் இறங்கியிருந்தது.

"திரையில இருந்துச்சு. கையிருப்பு பூஜ்யம், அதுக்குக் கீழே, திரும்பி வரும் வழியில் ஒண்ணு. தூக்கி ஆத்துல போட்டிருந்தா ஆணி காலியாவே இருக்கும், கேள்வி வந்துக்கிட்டே இருக்கும். ரிட்டர்ன்ல வந்துட்டா? யாரோ வாங்கினாங்க, வேண்டாம்னு அனுப்பினாங்க. தினம் நடக்கற வியாபாரம். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க." அண்ணி டேப் அக்காவைப் பார்த்தார். "இந்தக் காது வெக்கிற பழக்கம் யார் யாருக்கு உண்டு?"

"முதலாளி. நான்." டேப் அக்கா மெல்லத் திரும்பினார். "ஆரம்பத்துல மச்சானும் எங்ககூட உக்காந்து கட்டுவார்."

"எங்க அக்காவும்தான் கட்டினா!" என்றார் மச்சான்.

அது வேகமாக வந்துவிட்டது. யாரும் கேட்காமல், தள்ளிவிட்ட மாதிரி.

"கடை ஆரம்பிச்ச புதுசுல வீட்டுக் கூடத்துல அக்காதான் கட்டினா. அவளுக்கும் தெரியும். ஸ்பீக்கர்ல பேசினதை வீட்ல அவளும்தான் கேட்டிருப்பா. சார், நான் யாரையும் சொல்லல. எல்லாத்தையும் விசாரிக்கணுமில்ல?"

மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பூட்டு தன் வாழ்நாளில் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டான். கோபம் இல்லை. தெருவில் போகிற ஒரு ஆளை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிற பார்வை.

"விசாரிக்கலாம்," என்றார் அண்ணி. "அம்மா, இந்த அலாரத்தைக் கடை என்ன விலைக்கு வாங்கிச்சு?"

"எனக்குத் தெரியாதுங்க. கொள்முதல் விலையை அவர் வீட்ல பேசமாட்டார்."

"டேப் அக்கா?"

"எனக்கு வித்த விலையே தெரியாது மேடம். சீட்டுல நம்பர் மட்டும்தான் இருக்கும்."

"நீங்க சொல்லுங்க," என்றார் அண்ணி, மச்சானிடம். "1,841 அடிவிலைக்குச் சரியா ஒண்ணு மேலன்னீங்க. அடிவிலை என்னன்னு இந்த அறையில யாருமே சொல்லலையே."

"நான் கொள்முதல் பாக்கறவன். எனக்குத் தெரியாதா? ஆயிரத்து எண்ணூத்து நாப்பது. என் பில்லைப் பாத்துத்தான் போட்டாங்க."

"இப்ப நீங்க பேசலாம்," என்றார் அண்ணி, விலைக்காரரிடம்.

விலைக்காரர் முகத்திலிருந்து கையை எடுத்தார். "அடிவிலை 1,840 இல்ல மேடம். போன மாசம் பழைய சரக்கு எல்லாத்துக்கும் அஞ்சுல ஒரு பங்கு குறைக்கச் சொன்னார் முதலாளி. இப்ப 1,472. யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

அண்ணி மச்சானை நிமிர்ந்து பார்த்தார்.

"விதி எழுதினவர் அந்தப் பொய்க்கடையைத் திறந்திருந்தா, ஆயிரத்தைந்நூறு போட்டிருப்பார், ரெண்டாயிரம் போட்டிருப்பார், எதைப் போட்டாலும் எந்திரம் வரும்னு அவருக்குத் தெரியும்," என்றார் அண்ணி. "1,841-னு எண்ணிப் போட்டது ஒருத்தர். சுவர் இருக்குன்னு நம்பி, விரல்நுனியில நின்னு, சத்தமில்லாம தாண்டினார். சுவரைப் போன மாசமே இடிச்சாச்சு. அது தெரியாதவர். ஆனா பழைய உயரம் மனப்பாடமாத் தெரிஞ்சவர்."

"எந்திரம் மூணு இடத்துல விலை கேட்க ஆரம்பிச்சா," என்றான் பூட்டு, தரையிலிருந்து, மெதுவாக, "இத்தனை நாளா பில்லுல எவ்வளவு ஏத்திப் போட்டிருக்கார்னு முதல் நாளே தெரிஞ்சுடும். திங்கட்கிழமை ஆரம்பம். ஞாயித்துக்கிழமை முதலாளி இல்ல."

மச்சான் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அக்காவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் யாரும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குடா வீட்டுக்கு வந்தே?" என்று கேட்டார் முதலாளியின் மனைவி.

"அக்கா..."

"மூணரை மணிக்கு வந்தே. சட்டையில தூசி. தட்டு போட்டேன். ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டே. மாமாவுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போய்க் குடுக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், வேலையில இருப்பார், தொந்தரவு பண்ணாதே, ராத்திரி அங்கயே படுத்துப்பார்னே." அவர் குரல் உயரவே இல்லை. "நான் அப்ப வந்திருந்தா கதவைத் தட்டியிருப்பேன்."

மச்சான் தரையைப் பார்த்தார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "பதினோரு வருஷம்," என்றார். "மழையில அலைஞ்சு சரக்கு பிடிச்சேன். எனக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல ஆறு வரி எழுதச் சொன்னார். ஆறு வரி. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், ஸ்பீக்கர்ல சொல்றார்."

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். மேஜைமேல் கிடந்த காகிதத்தை எடுத்து, இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். டேப் அக்காவிடம் மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. "நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார். அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

டேப் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. "இதை என்ன சார் பண்றது?" என்று அலாரத்தைக் காட்டினார்.

"சாட்சிப் பொருள். ஆள் அனுப்பறேன். அதுவரைக்கும் யாரும் எடுத்துட்டுப் போகக்கூடாது."

டேப் அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பத்து வருஷப் பழக்கத்தில், பெட்டியின் சீட்டை ஸ்கேனரின் முன் காட்டினார். அது ஒரு தடவை கூவியது. அலாரத்தை ஆணியில் மாட்டினார். பச்சைப் பொட்டு ஒன்று எரிந்தது.

விலைக்காரர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையிருப்பு: 1. போட்டிக் கடை எதுவும் இல்லை. அவர் எதையும் தொடவில்லை. இலக்கங்கள் தாமாகவே மாறி 99,999 என்று நின்றன.

"இப்ப சரியா வேலை செய்யுது," என்றார் அவர். யாரும் அவரைத் தேற்றவில்லை. அண்ணி கூட.

இன்ஸ்பெக்டர் மச்சானை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படியில் இறங்கிய மச்சான் நின்றார். திரும்பினார்.

"அக்கா. நம்ம அம்மா கேட்டா என்ன சொல்லப் போறே?"

பூட்டு கதவோரத்திலிருந்து எழுந்து வழி விட்டான். புதிதாக இறுக்கிய பூட்டு. சாவி அதிலேயே இருந்தது. முதலாளியின் மனைவி கதவுக்கு வந்தார். தம்பியின் முகத்தை ஒரு தடவை, நெற்றியிலிருந்து தாடைவரை, சரக்கைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்தார். கதவைத் தள்ளினார். மச்சான் கை நீட்டினார்; கதவு அதற்குள் நிலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் சாவியை இரண்டு சுற்று சுற்றினார். தாழ் விழுந்தது.